கொழுந்தை மட்டும் நிறுத்த தராசு

1880இல் ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கைக்கு வந்து இறங்கியபோது மலைநாட்டுக் கோப்பி ஏற்கெனவே பாதி செத்திருந்தது. 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூளாகத் தென்பட்ட நோய் அது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெய்ட்ஸ் அனுப்பிய மாதிரிகளைப் பார்த்து, அது ஒரு பூஞ்சணம் என்று இங்கிலாந்தில் பெயரும் வைத்துவிட்டார்கள். தோட்டத் துரைமார் வார்டிடம் எதிர்பார்த்தது ஒரு மருந்து. அவரோ கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் எவ்வளவு வித்து மிதந்து வருகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டு வேலைக்குப் பிறகு அவர் சொன்னதில் துரைமாருக்குப் பிடிக்காத பகுதி இதுதான்: நோய்க்கு வசதி செய்து கொடுத்ததே தோட்டம் போட்ட விதம். இடையில் மரவரிசை கிடையாது, காடு கிடையாது, மலைக்கு மலை ஒரே பயிர். காற்றுக்குத் தடையில்லை; வித்துக்கும் இல்லை.

கோப்பியைப் பிடுங்கினார்கள். அதே மலையில், அதே முறையில் தேயிலையை வைத்தார்கள். ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கியது, அடுத்த முப்பது ஆண்டில் ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலை, அக்கரபத்தனை என்று கண்ணுக்கெட்டிய தூரம் பரவிவிட்டது. பயிர் மாறியதே தவிர, வார்ட் குறை சொன்ன அமைப்பு மாறவில்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம், மலைநாட்டில் அறிவியலுக்கு ஒருநாளும் பஞ்சம் இருந்ததில்லை என்பதுதான். சிங்கோனாவுக்காக ஹக்கலைப் பூங்கா 1861இலேயே வந்துவிட்டது. 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இன்றும் இயங்குகிறது. ஒரே பயிரை இவ்வளவு காலம் விடாமல் ஆராய்ந்த நிறுவனங்கள் ஆசியாவில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. விதைத் தேயிலைக்குப் பதில் வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்த வீ.பி. கன்றுகள், கவ்வாத்துக் காலக்கணக்கு, பசளைக் கலவை எல்லாம் அங்கிருந்துதான் வந்தன. ஆனால் நூறாண்டு ஆராய்ச்சியில் பெரும்பகுதி கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. இந்தச் செடியிலிருந்து இன்னும் எவ்வளவு கொழுந்து? பயிருக்கு வெளியே மலையில் என்ன வாழ்கிறது, அது பயிருக்கு என்ன செய்கிறது, அந்த மலையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பவை தராசில் ஏறவில்லை. அவற்றையும் ஏற்றினால் அறிவியல் என்ன செய்ய முடியும் என்பதே இந்தக் கட்டுரையின் விசாரணை.

முதலில், மிஞ்சியிருப்பது என்ன? 1873இல் கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டை இனி வெட்டக் கூடாது என்று ஆலோசனை சொன்னார். மழையும் ஆறுகளும் அங்கே பிறக்கின்றன என்பது அவர் வாதம். குடியேற்ற அரசு அதை ஏற்றது. பிதுருதலாகலை, ஹோட்டன் சமவெளி, சிவனொளிபாத மலைச் சாரல் ஆகியவை இன்று காடாக இருப்பதற்கு அந்த முடிவு ஒரு முக்கியக் காரணம். 2010இல் யுனெஸ்கோ சிவனொளிபாத மலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் மூன்றையும் சேர்த்து உலக மரபுரிமை என்று அறிவித்தது. மேலே காடு, கீழே தேயிலை என்று அறிவியல் ஆலோசனை ஒன்று மலையின் மேல் கோடு போட்டு, அது நூற்றைம்பது ஆண்டு நிலைத்திருக்கிறது என்பது சாதாரண விஷயமல்ல.

அந்தக் கோட்டுக்குக் கீழே கிடப்பவற்றை யாரும் பெரிதாக எண்ணவில்லை. ஓடைக்கரை மரங்கள், பாறை முகட்டில் தேயிலை வைக்க முடியாமல் விட்ட புதர், காற்றுத்தடுப்பு வரிசை, மூலைக்கு மூலை ஒரு கல்லும் சூலமும் நிற்கிற மரத்தடி. தோட்டத்துத் தெய்வங்களுக்கு ஊர்த் தெய்வங்களின் பெயர் மட்டும் இல்லை. ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைக் காக்க ரோதை முனி, கவ்வாத்து வெட்டுக்கு முன் கும்பிட ஒரு சாமி என்று மலையின் வேலைக்கேற்பவே தெய்வங்கள் பிறந்திருக்கின்றன. அந்த மரத்தடிகளைப் பெரும்பாலும் யாரும் வெட்டுவதில்லை. காட்டின் துண்டு என்று எந்த வரைபடத்திலும் குறிக்கப்படாத இவை, மனிதர் கை பட்டே உருவான நிலத்தோற்றத்தின் பகுதிகள்.

இந்தத் துண்டுகளின் மதிப்பை ஒரு தவளை சொல்லும். இலங்கையின் புதர்த் தவளைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. ஈரமான மண்ணிலோ இலையிலோ முட்டை இட்டால், முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, அரிசி அளவில் முழுத் தவளையாக வெளியே வரும். அதனால் அவற்றுக்குக் குளம் தேவையில்லை, ஈரம் தங்குகிற சருகு போதும். மழைக்காட்டில் அது எங்கும் கிடைக்கும். வெயில் படும் தேயிலை வரிசையில் கிடைக்காது. 2002இல் மீகஸ்கும்புர, ரோஹன் பெத்தியாகொட முதலிய ஆய்வாளர்கள் இலங்கையை ஒரு தவளைப் பொக்கிஷம் என்று உலகுக்குக் காட்டினார்கள். ஆனால் அருங்காட்சியகக் குப்பியில் மட்டும் மிஞ்சி, வெளியில் அழிந்துபோன தவளை இனங்களின் எண்ணிக்கையிலும் இந்தத் தீவு உலகின் முன்வரிசையில் நிற்கிறது. 1853இல் விவரித்த பிறகு காணாமலே போயிருந்த ஒரு நட்சத்திரப் புள்ளித் தவளை, ஏறத்தாழ 160 ஆண்டு கழித்து சிவனொளிபாத மலைக் காட்டில் மீண்டும் அகப்பட்டது. நன்னீர் நண்டுகளும் அப்படியே. ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களில் ஏறத்தாழ எல்லாமே இங்கே மட்டும் வாழ்பவை. சிலவற்றின் உலகம் ஓரிரு ஓடைகளுக்குள் அடங்கிவிடும். களைகொல்லி அடித்த பீப்பாயைக் கழுவுகிற அதே ஓடைகள்.

பூச்சி விஷயத்துக்கு வந்தால், இலங்கைத் தேயிலையிடம் உலகமே பாடம் படித்த ஒரு கதை இருக்கிறது. அதைத் தோட்டத்துப் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் போட வேண்டும் என்பது என் ஆசை. இலைகளைப் பட்டிழையால் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருட்டி உள்ளே இருந்து தின்னும் டோட்ரிக்ஸ் புழு, 1930கள் வரை கொழுந்துக்குப் பெரிய எதிரி. கையால் முட்டைகளைப் பொறுக்க ஆட்களை வைத்துப் பார்த்தார்கள். 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து மாக்ரோசென்ட்ரஸ் என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். புழுவின் உடம்புக்குள் அது முட்டையிடும். குஞ்சுகள் புழுவைத் தின்று வெளியே வரும். சில ஆண்டுகளில் புழு அடங்கியது. மருந்துச் செலவில்லை, கூலியில்லை, யாரும் நினைவூட்டத் தேவையில்லாமல் அந்தக் குளவி வேலை செய்தது.

பிறகு 1950களில் நடு உயரத் தோட்டங்களில் தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்டிரின் அடித்தார்கள். அந்த வண்டு தண்டுக்குள் பூஞ்சணம் வளர்த்து அதையே தன் குஞ்சுகளுக்கு ஊட்டும். மருந்து அதன் குழாய்க்குள் எட்டுவது கடினம். ஆனால் வெளியே பறந்துகொண்டிருந்த மாக்ரோசென்ட்ரஸுக்குப் போதுமான அளவு எட்டியது. குளவி செத்தது, டோட்ரிக்ஸ் புழு மீண்டும் கிளம்பியது. அடங்கிக் கிடந்த வேறு சில புழுக்களும் சேர்ந்துகொண்டன. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து இன்னொரு பூச்சியை உண்டாக்கியது. பூச்சியியல் நூல்களில் இந்தச் சம்பவம் எடுத்துக்காட்டாக நின்றுவிட்டது. உயிர்ப்பல்வகைமை என்பது தோட்டத்துக்கு வெளியே வேலி போட்டுக் காக்க வேண்டிய அலங்காரம், பயிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. கணக்கேட்டில் பதியாத ஒரு கூலியாள் அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. அது போன பிறகுதான் அதன் சம்பளம் தெரிந்தது.

நிழல் மரங்களின் கதையும் இதற்குக் கிட்டத்தட்ட உறவுதான். தோட்டத்தில் சவுக்கு என்று சொல்லும் கிரவில்லியா உயரத்துக்கு, முள்முருங்கை தாழ்வுக்கு என்று இரண்டடுக்கில் நிழல் வைத்திருந்தார்கள். முள்முருங்கை காற்றின் நைதரசனை மண்ணில் சேர்க்கும், வாது வெட்டிப் போட்டால் பசளையாகும். 1946இல் கொப்புள நோய் தீவுக்குள் வந்தது. நிழலும் ஈரமும் அந்த நோய்க்கு உகந்தவை என்பதால் உயரத் தோட்டங்கள் நிழலைக் குறைத்தன. செம்பு மருந்தும் செயற்கைப் பசளையும் அந்த இடத்தை நிரப்பின. அன்றைய நிலையில் அது தவறான முடிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முடிவின் மற்ற விளைவுகளை, அதாவது மண்ணின் வெப்பம், சருகு, பறவை, ஓடை நீர் ஆகியவற்றை அளந்து வைத்திருந்தால், நோய் கட்டுக்குள் வந்த பிறகு எவ்வளவு நிழலைத் திருப்பிக் கொண்டுவரலாம் என்று பேச இன்று கையில் எண்கள் இருந்திருக்கும்.

மண்தான் எல்லாவற்றிலும் அவசரமானது. பழைய விதைத் தேயிலை நிற்கும் மலைகளில் செடியின் அடியைப் பார்த்தால் போதும். தூர் நிலத்துக்கு மேலே ஒரு சாண் தூக்கி நிற்கும், வேரின் தோள் தெரியும். செடி உயரவில்லை, மண் இறங்கியிருக்கிறது. சமவுயர வடிகாலாகக் கான் வெட்டுவதும், கான் கரையில் புல் வைப்பதும், கிளிரிசிடியா வேலியைச் சரிவின் குறுக்கே போடுவதும் என்று பரிகாரங்கள் எல்லாம் தெரிந்தவையே. மண் பாதுகாப்புச் சட்டம் 1951லிருந்தே இருக்கிறது. இந்த மண் மகாவலிக்கும் களனிக்கும் இறங்கி, காசல்ரீ, மவுசாகலை, கொத்மலை என்று மின்சாரம் தரும் நீர்த்தேக்கங்களின் அடியில் படிகிறது. தோட்டத்தின் நட்டம் ஒரு இடத்தோடு நிற்பதில்லை.

ஆனால் கான் வெட்டுவது ஆள் கூலி. களைகொல்லி அடித்துத் தரையை மொட்டையாக வைப்பது மலிவு. 2015இல் கிளைபோசேட்டைத் தடை செய்தபோது, களை பிடுங்க ஆள் இல்லாத தோட்டங்கள் வேறு களைகொல்லிகளுக்குத் தாவின. அவற்றின் எச்சம் தேயிலையில் இருப்பதாக ஜப்பான் முகம் சுளித்தது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் தடையைத் தளர்த்தினார்கள். ஒன்றைத் தடுத்தால் கை அடுத்ததைத் தேடும் என்பதை யாராவது முன்கூட்டியே கேட்டிருக்கலாம்.

பெரிய அடி 2021இல் விழுந்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதியை ஒரே வர்த்தமானியில் நிறுத்தி, நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்கு மாறிவிட்டது என்றார்கள். இதை இயற்கை விவசாயத்தின் தோல்வி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கணக்குப் போடாததன் தோல்வியாகத்தான் தெரிகிறது. காய்ந்த தேயிலையில் ஏறத்தாழ 4 வீதம் நைதரசன். ஒரு ஹெக்டேயரில் ஆண்டுக்கு 1,500 கிலோ தேயிலை எடுத்தால், மண்ணிலிருந்து 60 கிலோ நைதரசன் மூட்டையோடு கொழும்புக்குப் போகிறது. அதைக் கூட்டுப்பசளையால் ஈடுகட்ட வேண்டுமானால், 1.5 வீத நைதரசன் உள்ள நல்ல பசளையில் 4 தொன். முதல் ஆண்டில் அதில் ஒரு பங்குதான் செடிக்குக் கிடைக்கும் என்பதால் உண்மையில் அதைப் போல் இரண்டு மூன்று மடங்கு. 300 ஹெக்டேயர் தோட்டத்துக்கு ஆயிரக்கணக்கான தொன். யார் செய்வது? லொறி ஏறாத சரிவில் யார் தலையில் சுமப்பது? ஊவாப் பக்கம் இதல்கஸ்ஹின்னையில் 1980களிலேயே இயற்கை முறைத் தேயிலை தொடங்கிவிட்டது. அது முடியாத காரியமல்ல, பல ஆண்டு எடுக்கும் காரியம். நவம்பரில் தடையை விலக்கினார்கள். 2021இல் ஏறக்குறைய 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் 251 மில்லியனுக்கு இறங்கியது. எரிபொருள் நெருக்கடியும் அதில் சேர்ந்தது உண்மை. விழுந்த விளைச்சலுக்கான விலையைக் கொடுத்தவர்களில் முதல் வரிசை, நிறை குறைந்தால் பேர், அதாவது அன்றைய நாட்கூலி, பாதியாகப் போகிறவர்கள்.

பசளைக் கணக்கைச் சொன்னபோது ஒரு பொருளை விட்டுவிட்டேன். அது கவ்வாத்து மிலாறு. உயரத் தோட்டங்களில் நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கிளையும் இலையுமாக ஹெக்டேயருக்குத் தொன் கணக்கில் விழும். அதை அப்படியே மலையில் பரப்பி விடுங்கள், மண்ணுக்குத் திரும்பட்டும் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் நெடுநாள் பரிந்துரை. மலையில் நடப்பது வேறு. கவ்வாத்து முடிந்த வாரம் பாருங்கள்: பெண்கள் கட்டுக் கட்டாகத் தலையில் வைத்துத் தாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு இறக்குவார்கள். இஸ்தோப்பில் அடுக்கி, மழைக்காலத்துக்கு அடுப்பெரிக்க. சிலிண்டர் வாங்கக் காசில்லாத வீட்டில் மிலாறு என்பது விறகு, மண்வளம் அல்ல. 2022இல் எரிவாயுவுக்கு வரிசையில் நின்ற மாதங்களில் மலையில் ஒரு குச்சியும் மிஞ்சியிருக்காது. மண்ணின் கரிமத்தை உயர்த்த வேண்டுமென்று ஆய்வறிக்கை எழுதுகிறவர் முதலில் லயத்து அடுப்பை ஆராய வேண்டும். பாதி விறகு பிடிக்கும் நல்ல அடுப்பு, அல்லது கான் கரையில் வேகமாக வளரும் விறகு மரம்: மண்வளத் திட்டம் அங்கே தொடங்கினால் எடுபடும். ஸ்டோரில் கொழுந்து காய வைக்கும் விறகுக்காக யூகலிப்டஸ் வளர்க்கத் தெரிந்த கம்பெனிகளுக்கு, அதை வளர்க்கிறவர்களின் அடுப்புக்கும் கொஞ்சம் வளர்க்கத் தெரியாமல் போனது எப்படி என்று எனக்குப் புரிவதில்லை.

சிறுத்தையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அஞ்சலி வாட்சன், ஆண்ட்ரூ கிட்டில் இருவரும் தங்கள் வைல்டர்னஸ் அண்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் டிரஸ்ட் மூலம் பொகவந்தலாவை, நோர்வூட் பக்கங்களில் பல ஆண்டுகளாகத் தானியங்கிக் கெமரா வைத்து வருகிறார்கள். சிறுத்தை தேயிலைக்குள் வழிதவறி வந்த விருந்தாளி அல்ல என்பது அதில் தெளிவாகிவிட்டது. ஓடைக்கரைக் காட்டிலும் மானாப்புல்லிலும் ஒதுங்கி, தேயிலை வரிசையைப் பாதையாக வைத்து, இந்த மலையிலேயே குட்டி போட்டு வாழ்கிறது. காட்டுப்பன்றி, முள்ளம்பன்றி, மான், மரை என்று அதன் சாப்பாடும் பெரும்பாலும் இங்கேயே. அதைக் கொல்வது துவக்கு அல்ல, சுருக்குக் கம்பி. 2020 மே மாத இறுதியில் நல்லதண்ணிப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் அபூர்வமான கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்தில் கம்பி இறுகக் கிடந்தது. உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. கம்பி வைத்தது சிறுத்தைக்கல்ல. கிழங்கைத் தோண்டித் தின்னும் பன்றிக்கு, கூடவே பன்றி இறைச்சிக்கு.

சிறுத்தைக்குக் கிடைக்கிற கவனம் கொட்டுகிற குளவிக்குக் கிடைப்பதில்லை. அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலையகத்துச் செய்தித்தாளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், குளவிக் கொட்டு வாரம் தவறாத செய்தி. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பத்துப் பெண்கள் வைத்தியசாலையில் என்று வரும். சில சமயம் சாவும் வரும். வாழிடம் காக்க வேண்டும் என்று எழுதும் கட்டுரைகளில் இந்தப் பெண்களை நான் கண்டதில்லை. மலையில் குளவி என்று சொல்வதற்குள் இரண்டு வேறு உயிர்கள் அடக்கம். ஒன்று உண்மையான குளவி, புதருக்குள்ளும் மரத்திலும் கூடு வைப்பது. இன்னொன்று பாறைத் தேனீ, உயர்ந்த மரத்திலும் மலைப்பாறையிலும் ஸ்டோரின் கூரையிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது. பாறைத் தேனீ ஆண்டு முழுக்க ஓரிடத்தில் இருக்காது. பூக்கும் காலத்தைப் பின்தொடர்ந்து ஏறும், இறங்கும். தேன்பருந்து அடையைத் தாக்கும்போது கலைந்து, கீழே நிற்பவர்களைக் கொட்டும். ஒருத்தர் உடம்பில் கொடுக்கு இறங்கினால் அதிலிருந்து வரும் மணமே மற்ற தேனீக்களை அங்கே அழைக்கும். ஆகவே கையால் அடித்துத் துரத்துவது நிலைமையை மோசமாக்கும்.

இவ்வளவும் பூச்சியியலுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் எந்த மலையில் எந்த மாதம் அடை வரும், எந்த மரத்தில் ஆண்டாண்டு வைக்கிறது என்பது தொழிலாளிக்குத்தான் தெரியும். இரண்டையும் ஒரு வரைபடத்தில் சேர்த்தால், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து எடுக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு ஏற்பாடு கிடைக்கும். அடையை எரிப்பதா, இரவில் இடம் மாற்றுவதா, அந்த மலையைச் சில வாரம் விட்டுவிடுவதா என்பதற்கும் ஒரு நெறி வரும். தேனீ போனால் தேயிலைக்கு நட்டமில்லை, கொழுந்துக்கு மகரந்தம் தேவையில்லை. நட்டம் பக்கத்துக் காட்டுக்கும், பூசணிக்காய் போட்டிருக்கிற லயத்துப் பின்கட்டுக்கும். இப்படி நன்மை ஒருவருக்கும் கொட்டு இன்னொருவருக்குமாகப் பிரிகிற இடத்தில்தான் அறிவியல் நடுவராக உதவும். உயிர்ப்பல்வகைமை எல்லாருக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் அதைக் கேட்கிறவர் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்.

தமிழ்நாட்டு வால்பாறையில் இதற்குக் கிட்டத்தட்ட ஒப்பான ஒன்றைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆனைமலைத் தேயிலைக்கு நடுவே யானைகள் காட்டுத் துண்டிலிருந்து துண்டுக்குப் போகின்றன. இருட்டில் எதிர்ப்பட்டவர்கள் மாண்டார்கள். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் யானை நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஓடும் எழுத்தாகவும், கைபேசியிலிருந்து எரியவைக்கும் சிவப்பு விளக்காகவும் தெரிவித்தது. யானையைத் துரத்தவில்லை, மனிதருக்குத் தகவல் கொடுத்தது. அதே அமைப்பில் திவ்யா முடப்பா, டி.ஆர். சங்கர் ராமன் முதலியோர் கம்பெனிகளோடு பேசி, சிதைந்த காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்குரிய மரங்களை இருபது ஆண்டுக்கு மேலாக நட்டு வருகிறார்கள். நம் தேயிலைக்கும் அவர்கள் தேயிலைக்கும் கம்பெனி அமைப்பில், லயத்தில், மொழியில் எவ்வளவோ ஒற்றுமை. அங்கிருந்து ஒரு குழுவை ஹட்டனுக்கு அழைப்பது பாரிசிலிருந்து நிபுணரை வரவழைப்பதைவிடப் பயன்படும்.

ஜப்பானின் சிசுவோகா இன்னொரு வகை. அங்கே தேயிலையைச் சுற்றி உள்ள புல்வெளியை ஆண்டுக்கொருமுறை வெட்டிக் காயவைத்து வரிசைகளுக்கிடையே பரப்புகிறார்கள். வெட்டாமல் விட்டால் அது புதர்க்காடாகிவிடும். வெட்டுவதால் புல்வெளித் தாவரங்கள் முன்னூறுக்கு மேல் அங்கே தங்கியிருக்கின்றன, இறக்கையில்லாத ஒரு வெட்டுக்கிளி உட்பட. 2013இல் உலக உணவு விவசாய நிறுவனம் அதை விவசாய மரபுரிமையாக ஏற்றது. நமக்கும் இதற்கு இணையான ஒரு வழக்கம் உண்டு. பழைய தேயிலையைப் பிடுங்கிய நிலத்தில் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ ஒன்றரை, இரண்டு ஆண்டு வைத்து, வெட்டி வெட்டி அங்கேயே பரப்பி, மண் தேறிய பிறகு புதுக்கன்று வைக்க வேண்டும் என்பது தலவாக்கலையின் விதி. வருமானமில்லாத அந்த இரண்டு ஆண்டைத்தான் கம்பெனிகள் முதலில் சுருக்குகின்றன. அந்தப் புல்லில் என்ன பறவை கூடு வைக்கிறது, சிறுத்தை எவ்வளவு ஒதுங்குகிறது, எந்தப் பூச்சித்தின்னி தங்குகிறது என்று யாராவது எண்ணினால், மண்ணுக்காகச் செய்கிற வேலை உயிர்களுக்காகவும் கணக்கில் வரும்.

அக்கரபத்தனையிலேயே ஒரு முயற்சி நடந்தது. கைவிட்ட தேயிலை நிலத்தை வாங்கி மலைக்காடாக மாற்ற ரோஹன் பெத்தியாகொட எடுத்த திட்டத்துக்கு 2000இல் ரோலெக்ஸ் விருதும் கிடைத்தது. சிங்கராஜாவின் ஓரத்தில் பேராதனையின் குணதிலக தம்பதியர் பைன் மரங்களின் அடியில் உள்நாட்டு மரக்கன்றுகளை வளர்த்துக் காட்டியதும் இதற்குத் துணை. தாவரம் திரும்பி வரும் என்பதில் இனி ஐயமில்லை. தீயும் மாடும் விறகும் அதற்குள் போகாமல் இருக்க அக்கம்பக்கத்தார் ஒப்ப வேண்டும், கஷ்டம் அங்கேதான்.

மரக்கறியைச் சுருக்கமாகவே தொடுகிறேன், அது தனிக் கட்டுரைக்குரியது. கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு போடும் நுவரெலியா நிலங்களில் தேயிலையைவிடப் பன்மடங்கு பசளையும் மருந்தும் இறங்குகின்றன. கோழி எருவும் சேர்ந்து மண்ணில் பொசுபரசு தேங்கிக் கிடக்கிறது. சீதா எலியாவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண் பரிசோதனை செய்து பசளையைக் குறைத்தாலே விளைச்சல் குறையாமல் செலவு குறையும். ஆனால் கடைக்காரர் கடனுக்குத் தருவது பசளை மூட்டையை. மண் பரிசோதனையைக் கடனுக்குத் தருவார் யாருமில்லை.

தோட்ட வாசலில் பச்சைத் தவளைச் சின்னம் போட்ட பலகையைப் பலர் பார்த்திருப்பார்கள். சான்றிதழ்களால் பயனில்லை என்று சொல்ல முடியாது. மருந்து அடிப்பவருக்குக் கையுறை வந்தது, ஓடைக்கரையில் சில அடி விட வேண்டியதானது. ஆனால் பரிசோதகர் வரும் நாள் முன்கூட்டியே தெரியும். அவர் பார்ப்பது பெரும்பாலும் கோப்பு. ஓடையில் நண்டு கூடியதா குறைந்ததா என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் பதில் சொல்லத் தோட்டத்தில் ஆளில்லை. அந்த ஆளை உருவாக்கலாம். கல்விப் பொதுத் தராதர உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டுக் கொழும்புத் துணிக்கடைக்குப் போகிற பிள்ளைகள் லயத்துக்கு லயம் இருக்கிறார்கள். ஓடை, மண், பறவை, குளவி, சரிவில் வெடிப்பு இவற்றைப் பார்த்துப் பதிகிற வேலையை ஒரு பேராகப் போட்டு, சம்பளத்தோடு கொடுத்தால், பேராதனைக்கும் தலவாக்கலைக்கும் எந்த ஆய்வுநிதியாலும் வாங்க முடியாத தொடர்ச்சியான தரவு கிடைக்கும். 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் போராடி உயர்த்திய நாட்கூலியை வாங்குகிறவரிடம் ஓய்வு நேரத்தில் தொண்டாகச் செய்யுங்கள் என்று கேட்பது அறிவியலுக்கு அழகல்ல.

சரிவு வெடிப்பைச் சும்மா சேர்க்கவில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அபாயப் பகுதி என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் முன்பே எச்சரித்திருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மலைகளை அறுத்துத் தள்ளியபோது நாடு முழுவதும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அடைபட்ட கான், மொட்டையான சரிவு, ஓடைக்கு நடுவில் போட்ட பாத்தி எல்லாம் அந்த நீரின் வழியில் இருந்தன. வரைபடம் இருந்தது, அதில் சிவப்பாகக் குறித்த இடத்திலிருந்து எழுந்து போக ஜனங்களுக்கு வேறு நிலம் இல்லை.

நிலம்தான் இந்த விஷயத்தின் அடிக்கல். 1992இல் கம்பெனிகளுக்குக் கொடுத்த குத்தகை 2045இல் முடிகிறது. உள்நாட்டு மலைமரம் ஒன்று பெரிதாகி நிழல் தர முப்பது நாற்பது ஆண்டு வேண்டும். கம்பெனி முகாமையாளருக்கு மீதி இருப்பது இருபதுகூட இல்லை. லயத்தில் இருப்பவருக்கு ஏழு பேர்ச், பத்து பேர்ச் காணி கிடைத்திருந்தால் அவர் வாசலில் ஒரு கொய்யா வைப்பார், மலையில் வைக்க அவருக்குக் காணி இல்லை. சில கம்பெனிகள் தேயிலையைத் துண்டு பிரித்துத் தொழிலாளியிடம் கொடுத்து, கொழுந்தின் விலையில் பங்கு தருகின்றன. அந்த ஒப்பந்தங்களில் ஓடைக்கரைத் துண்டையும் நிழல் மரத்தையும் சேர்த்து, அவற்றின் பராமரிப்புக்கும் பங்கு எழுதினால் யாருக்காவது மரம் நட ஒரு காரணம் பிறக்கும்.

2045க்குப் பிறகு யாருக்கு, எந்த நிபந்தனையில் என்று பேசும் மேசை எப்படியும் போடப்படும். எந்த ஓடையில் தண்ணீர் எவ்வளவு, எந்தச் சரிவில் மண் எவ்வளவு இறங்கியது, எந்தத் துண்டுக் காட்டில் எது வாழ்கிறது என்ற பதிவு அந்த மேசையில் இருக்க வேண்டுமானால், பதினைந்து ஆண்டுத் தொடர் அளவீடாவது வேண்டும். அதைத் தொடங்க வேண்டிய ஆண்டு 2030ஐத் தாண்ட முடியாது. கருவிகள் தலவாக்கலையில் இருக்கின்றன, ஆட்கள் லயத்தில் இருக்கிறார்கள்; இன்னும் போடாதது பேர் மட்டும்தான்.